கொள்ளை நோயும் நம்பிக்கைக் கணக்கும்

ஒரு சங்கத்தில் கையிருப்புக் குறைந்தால் மத்திய வங்கியில் கடன் பெற்றேனும் சரிக்கட்டலாம். அங்கத்தினரின் நம்பிக்கை குறைந்தால் அதைக் கடன் கொடுக்க எந்த வங்கியும் இல்லை. தணிக்கைக்காக ஊர் ஊராகச் செல்லும் கூட்டுறவு ஆய்வாளர் எவரும் இதை முதல் ஆண்டிலேயே கற்றுக்கொள்வார். “உங்கள் பணம் பத்திரமாக இருக்கிறது” என்று பலகையில் எழுதி மாட்டிய சங்கத்திலிருந்துதான் வைப்புத்தொகை முதலில் வெளியேறும். வராக் கடன் இன்னது, நஷ்டம் இவ்வளவு என்று பேரேட்டைத் திறந்து பேரவையில் படித்துக் காட்டிய சங்கத்தில் சிலர் கோபித்துக்கொள்வர். ஆயினும் பணத்தைத் திரும்பப் பெற ஓடிவருவோர் குறைவு. 2020-ஆம் ஆண்டில் தொடங்கிய கொரோனாக் கொள்ளை நோயின்போது சுகாதார இலாகாவுக்கும் மக்களுக்கும் இடையே நிகழ்ந்தவற்றை இந்தக் கண்கொண்டு பார்த்தால் பல விஷயங்கள் விளங்கும். மலையில் சாமை விதைப்போரும் அடிவாரத்தில் ஆரணிப் பக்கம் பட்டு நெய்வோரும் அந்நோயால் ஒருசேரத் துன்புற்றவர்களேயாதலால், இப்பாடம் இருசாராருக்கும் உரியது.

தடுப்பூசி இந்தியாவில் 2021 ஜனவரி 16-ஆம் தேதி தொடங்கியது. ஏப்ரல் முதல் தேதியிலிருந்து 45 வயதைக் கடந்த யாவரும், மே முதல் தேதியிலிருந்து 18 வயது நிரம்பியவரும் போட்டுக்கொள்ளலாம் என்று அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டு ஜவ்வாது மலைச் சிற்றூர்கள் சிலவற்றில், ஊசிக் குழுவின் வண்டி மேடேறும் ஓசை கேட்டதும் மக்கள் கொல்லைக்கும் காட்டுக்கும் போய்விட்டதாக அங்கத்தினர் பலர் என்னிடம் கூறியிருக்கின்றனர். இதை அறியாமை என்று சொல்லிக் கீழ்நாட்டில் பலர் முடித்துக்கொண்டனர். அது சோம்பேறித் தீர்ப்பு.

மலையில் வாழும் மனிதனுக்கு அரசு எந்த உருவில் அறிமுகமாகிறது என்பதை முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும். விறகுக்கும் மேய்ச்சலுக்கும் தடை சொல்லும் வனத்துறை அலுவலராகவும், கூலி வேலைக்குச் சென்றவரைத் தேடிவரும் காவலராகவுமே அவன் அதைப் பெரிதும் கண்டிருக்கிறான். 2015 ஏப்ரல் 7-ஆம் தேதி ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று கூறித் தமிழ்நாட்டுத் தொழிலாளர் இருபது பேரைச் சிறப்புப் படையினர் சுட்டுக் கொன்றனர். ஜவ்வாது மலையைச் சேர்ந்தவர்களும் அவர்களுள் இருந்தனர். அதன்பின் ஆறே ஆண்டுகளில் அரசு முத்திரை பொறித்த வண்டி ஒன்று மேலேறி வந்து, “உங்கள் நன்மைக்காக வந்திருக்கிறோம், கையை நீட்டுங்கள்” என்கிறது. எந்த இலாகா எந்தக் குற்றத்துக்குப் பொறுப்பு என்று பிரித்துப் பார்ப்பது செயலகத்தில் இருப்போருக்கு எளிது. குடிமகனின் புத்தகத்தில் அரசு என்பது ஒரே கணக்குத் தலைப்பு.

இன்னொரு காரணம் எவரும் பிரசங்கத்தில் சொல்லாதது. ஊசி போட்டபின் ஓரிரு நாள் காய்ச்சலும் உடல்வலியும் பலருக்கு வந்தன. இது இயல்பே. ஆனால் அன்றாடக் கூலிக்காரருக்கு இரண்டு நாள் காய்ச்சல் என்றால் இரண்டு நாள் அடுப்பு எரியாது. தறிக்காரருக்கு ஒரு சேலை தாமதம். “ஒன்றும் செய்யாது” என்று சொல்லி ஊசி போட்டுவிட்டு, அன்றிரவே காய்ச்சல் வந்தால், அடுத்த நாள் அந்தத் தெருவில் ஊசிக்காரர் சொல் எடுபடுமா? “காய்ச்சல் வரலாம், இந்த மாத்திரை போடுங்கள், நாளை மறுநாள் வேலைக்குப் போகலாம்” என்று முன்கூட்டியே சொன்ன செவிலியரின் தெருவில் அந்தக் காய்ச்சலே அவர் சொல்லுக்குச் சாட்சியாகும்.

இலாபம் வராமலே பங்கு ஈவு அறிவிக்கும் சங்கங்களை நாம் அறிவோம். ஊசி போட்டால் நோயே வராது என்று சில மேடைகளில் பேசியதும் அவ்வகைதான். 2022 ஜனவரியில் ஒமைக்ரான் அலை வந்தபோது, இரண்டு ஊசி போட்டவரும் படுத்தனர். நோயின் கடுமையும் மரணமும் ஊசியால் வெகுவாகக் குறைந்தன என்ற மெய்யான ஆதாயம், பொய்யான வாக்குறுதியின் நிழலில் மறைந்தது. கோவிஷீல்டு ஊசியால் மிக அரிதாக இரத்தக் கட்டு உண்டாகலாம் என்பது 2021-லேயே தெரிந்து, மத்திய அரசின் எச்சரிக்கைக் குறிப்பும் வந்தது. ஆனால் அது கிராமத்துக் காதில் விழும்படி சொல்லப்படவில்லை. 2024-ல் அந்நிய நாட்டு நீதிமன்ற வழக்கொன்றின் மூலம் அச்செய்தி பத்திரிகைகளில் வந்தபோது, ஏதோ ஒளித்துவைத்ததாகவே மக்கள் எண்ணினர்.

நடிகர் விவேக் அவர்களின் மரணம் இதில் தனித்து ஆராயத்தக்கது. 2021 ஏப்ரல் 15-ஆம் தேதி சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் அவர் எல்லோரும் காண ஊசி போட்டுக்கொண்டு, பிறரும் அவ்வாறே செய்ய வேண்டினார். மறுநாள் மாரடைப்பு, 17-ஆம் தேதி அதிகாலை காலமானார். இதயக் குழாய் ஒன்று முற்றிலும் அடைபட்டிருந்தது, ஊசிக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று மருத்துவர்கள் உடனே கூறினர். சொன்னது உண்மையே. ஆனால் யார் சொன்னார்கள்? ஊசி போடச் சொன்ன அதே தரப்பார். சங்கச் செயலாளர் மீது புகார் வந்தால் அச்செயலாளரே விசாரித்து அறிக்கை எழுதுவதை நாம் ஏற்போமா? ஊசிக்குப்பின் நேரும் தீங்குகளை ஆராயும் தேசியக் குழு, மரணத்துக்கு ஊசி காரணமன்று என்று கண்ட முடிவு அவ்வாண்டு அக்டோபரில்தான் வெளிவந்தது. அந்த ஆறு மாதத்தில் இரண்டாம் அலை வந்து, எண்ணற்ற குடும்பங்களைச் சிதைத்துப் போய்விட்டது. முடிவு சரியாயிருந்தும் காலம் தவறியதால், வதந்தி வட்டியோடு வளர்ந்துவிட்டது.

இதற்கு நேர்மாறான செயலும் நம் மாநிலத்தில் நடந்திருக்கிறது. 2020-ல் சென்னையில் கொரோனாவால் இறந்தோர் கணக்கில் பலர் விடுபட்டுள்ளனர் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. அரசு ஒரு குழுவை நியமித்துப் பதிவேடுகளை ஒப்பிட்டுப் பார்க்கச் செய்தது. ஜூலை 22-ஆம் தேதி, விடுபட்ட 444 மரணங்களைச் சேர்த்து அறிவித்தது. முதலில் விடுபட்டது பெருங்குறையே. நானூற்றுக்கும் மேற்பட்ட வீடுகளின் துயரம் ஏட்டில் ஏறாமல் இருந்தது சிறு பிழையன்று. எனினும் தன் பேரேட்டைத் தானே திருத்தி, திருத்திய தொகையை அச்சிட்டுக் கொடுத்த இலாகாவின் அடுத்த நாள் கணக்கை ஓரளவேனும் நம்பலாம். தணிக்கையாளன் என்ற முறையில், அந்தக் கொள்ளை நோய்க் காலத்தில் அரசு செய்த நற்காரியங்களுள் இதை உயர்வாகவே மதிக்கிறேன்.

சந்தேகத்தைச் சோதனையால் எதிர்கொள்வது நமக்குப் புதிதுமன்று. 1955-ல் ராஜாஜி அவர்கள் காசநோய்க்கான பி.சி.ஜி. ஊசியை எதிர்த்து நூலே எழுதினார். பிற்பாடு, 1968-ல், செங்கற்பட்டு மாவட்டத்தில் இரண்டரை இலட்சத்துக்கும் அதிகமான மக்களைக் கொண்டு பெரும் ஆய்வு தொடங்கிற்று. பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அவ்வூசி தடுக்கவில்லை என்ற முடிவு 1979-ல் ஒளிவுமறைவின்றி வெளியிடப்பட்டது. சிறு குழந்தைகளைக் கொடிய காசநோயிலிருந்து காப்பதால் அது இன்றும் பிறந்த குழந்தைக்குப் போடப்படுகிறது, தாய்மார் தயங்குவதில்லை.

மீண்டும் 2021-க்கு வருவோம். மே 15 முதல் ஒவ்வோர் அரிசி அட்டைக்கும் 2,000 ரூபாய் நிவாரணம் நியாயவிலைக் கடைகளில் வழங்கப்பட்டது. அடுத்த மாதம் மேலும் 2,000 ரூபாயும் பதினான்கு மளிகைப் பொருள்களும். அக்கடைகளுள் மிகப் பெரும்பாலானவை நம் கூட்டுறவுச் சங்கங்கள் நடத்துபவை. பணம் வாங்க மக்கள் வருவது வியப்பன்று என்பீர்கள். சரியே. ஆனால் டோக்கன் வீடு தேடி வந்தது, எந்த நாள் எந்த நேரம் என்று அதில் எழுதியிருந்தது, எழுதியபடியே பணம் கிடைத்தது, கொடுத்தவர் பெயர் தெரிந்த விற்பனையாளர். சொன்னது நடந்தது என்ற அனுபவம் அங்கே ஏற்பட்டது. ஊசி முகாமிலோ, நாற்பது கிலோமீட்டர் பயணம் செய்து போனபின் “இன்று ஊசி தீர்ந்துவிட்டது” என்ற பதிலைக் கேட்டவர் அவ்வாண்டு பலர்.

இந்த வேறுபாட்டை அரசும் உணர்ந்ததென்றே தோன்றுகிறது. 2021 ஆகஸ்டு 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், மகளிர் சுய உதவிக் குழுக்களைச் சேர்ந்த பெண்களே வீடு வீடாகச் சென்று இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுக்கும்படி வகுத்தனர். மாதாமாதம் மாத்திரை கொண்டுவரும் பெண் சொன்னால் ஊசியையும் கேட்பார்கள். அவள் வராத மாதம் ஒன்று நேர்ந்தால் அதையும் நினைவில் வைப்பார்கள்.

நம்பிக்கை மீண்டுவிட்டதா என்றால், மலையில் அதற்குப் பதில் பாதையைப் பொறுத்தது. 2023 மே மாதம், ஜவ்வாது மலைத்தொடரின் வேலூர்ப் பகுதியான அல்லேரியில், பாம்பு தீண்டிய ஒன்றரை வயதுப் பெண் குழந்தை, மருத்துவமனையை அடைவதற்குள் இறந்தது. திரும்பும்போது சாலையில்லாத இடத்தில் ஆம்புலன்ஸ் நின்றுவிட, தாய் குழந்தையின் உடலைச் சுமந்து பல கிலோமீட்டர் நடந்தாள். இதே மலைத்தொடரில் காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கி நிறுவி விண்மீன்களை ஆராய்கிறோம், பெருமைக்குரியதுதான். ஆனால் அந்தத் தாயின் ஊரில் அடுத்த கொள்ளை நோய்க்கான ஊசியைக் கொண்டுபோகிறவர், முதலில் அந்தப் பாதையைப் பற்றிய கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

இங்கேதான் மலையிலுள்ள பழங்குடியினர் பெரும்பல நோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள், அதாவது லேம்ப் சங்கங்கள், செய்யத்தக்க காரியம் ஒன்றுண்டு. செயலாளர் ஊசியைப் புகழ்ந்து பேச வேண்டியதில்லை. அது அவர் தொழிலன்று. ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரைச் சங்கக் கூட்டத்துக்கு அழைத்து உட்காரவைத்து, அங்கத்தினர் கேட்கும் கேள்விகளைத் தீர்மானப் புத்தகத்தில் கேட்டவண்ணமே எழுதிக்கொள்ளட்டும். “அன்றிரவு வண்டி ஏன் வரவில்லை” என்பதும் கேள்வியே. அதை அதிகப்பிரசங்கம் என்று அடக்கக் கூடாது. பதில் தெரிந்ததை மருத்துவர் அங்கேயே சொல்லட்டும். தெரியாததற்குத் தேதி குறித்து, அடுத்த கூட்டத்தில் முதல் பொருளாக அதைப் படிக்க வேண்டும். பதில் வரவில்லையென்றால் ‘பதில் வரவில்லை’ என்றே எழுதிப் படிக்க வேண்டும். நெசவாளர் சங்கங்களும் இவ்வாறே செய்யலாம். நாள் குறிப்பதில் மட்டும் சிறிது கவனம் தேவை. அறுவடை நாளிலோ சந்தை நாளிலோ கூட்டினால் ஆள் சேராது. சாமைக் கொள்முதல் பணமோ நெசவுக் கூலியோ பட்டுவாடா செய்யும் நாளே ஏற்றது.