இழப்பைக் கணக்கிட்டுப் போரிடுதல்: ஈவ் ஆன்லைனில் கப்பற்படையும் கூட்டணியும்

ஐஸ்லாந்து நாட்டின் சிசிபி நிறுவனம் உருவாக்கிய, 2003 மே மாதம் வெளிவந்த ஈவ் ஆன்லைன் என்னும் விண்வெளி விளையாட்டில், சீனாவுக்கெனத் தனியாக இயங்கும் சர்வரைத் தவிர்த்துப் பார்த்தால், உலகெங்கும் உள்ள ஆட்டக்காரர்கள் அனைவரும் ஒரே சர்வரில், நியூ ஈடன் எனப்படும் ஒரே விண்பரப்பில் வாழ்கிறார்கள். அங்கு அழிந்த கப்பல் மீண்டு வருவதில்லை. இவ்விரு விதிகளிலிருந்தே அதன் போர்முறை முழுவதும் கிளைத்தது எனலாம். பிற இணைய விளையாட்டுகளில் வீழ்ந்தவர் சில நொடிகளில் அதே ஆயுதத்துடன் எழுந்து நிற்க, இங்கு வீழ்ந்தவரோ இன்னொரு கப்பலை விலை கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது. அதற்கான கனிமத்தை யாரோ ஓர் ஆட்டக்காரர் தோண்டியிருக்க வேண்டும், வேறொருவர் கப்பலைக் கட்டியிருக்க வேண்டும், மூன்றாமவர் அதை ஜிட்டா போன்ற சந்தை மையத்துக்கு ஏற்றி வந்திருக்க வேண்டும். ஆதலால் பல்லாண்டு ஆடியவர்களிடம் வெற்றியின் வழியைக் கேட்டால், அவர்கள் சுடும் திறனைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. இழப்பை முன்கூட்டியே கணக்கில் ஏற்றிக்கொள்ளும் பழக்கத்தைப் பற்றியே பேசுகிறார்கள்.

நிலையத்தை விட்டுப் புறப்படும் கணத்திலேயே அந்தக் கப்பல் செலவாகிவிட்டதாகக் கருத வேண்டும் என்பது அவர்கள் புதியவருக்குக் கூறும் முதல் அறிவுரை. இது மனத்தைத் தேற்றிக்கொள்வதற்கான சொல்லாகத் தோன்றினாலும், நடைமுறையில் சில திட்டமான செயல்களைக் கோருகிறது: கொண்டுசெல்லும் கப்பலைப் போன்ற இன்னொன்று, அதே ஆயுதங்களும் கவசமும் பொருத்தப்பட்டு, படை புறப்படும் நிலையத்தில் தயாராக நிற்க வேண்டும், இரண்டாவதை வாங்க வசதியில்லாதவர் முதலாவதையும் போருக்கு ஓட்டக்கூடாது. கப்பல் வெடித்த பின் ஆட்டக்காரர் பாட் எனப்படும் சிறு உயிர்க்கலத்தில் மிதப்பார். அதுவும் சுடப்பட்டால் தொலைவிலுள்ள நிலையம் ஒன்றில் குளோன் எனப்படும் மாற்று உடலில் விழித்தெழுவார், ஆனால் பழைய உடலில் பதித்திருந்த இம்பிளான்ட் என்னும் திறன்கூட்டும் கருவிகள் எல்லாம் அழிந்துபோகும். எனவே விலையுயர்ந்த இம்பிளான்ட்டுகளோடு பெரும்போருக்குச் செல்வது, தலைவர் ஆணையிட்டாலன்றி, வீண் பெருமையே.

ஃப்ளீட் எனப்படும் கப்பல் அணியில் 256 பேர் வரை இடம்பெறலாம். எஃப்சி என்று சுருக்கமாக அழைக்கப்படும் படைத்தலைவர், எதிரிக் கப்பல்களில் ஒன்றன் பெயரைக் கூறி அதையே ‘பிரைமரி’ என அறிவித்தவுடன் எல்லோரும் அதை மட்டுமே சுட வேண்டும். நூறு கப்பல்கள் நூறு இலக்குகளைச் சுட்டால் ஒன்றும் வீழாது. ஏனெனில் எதிரணியிலுள்ள பழுதுநீக்கும் கப்பல்கள் சிதறி விழும் சேதத்தை எளிதில் சரிசெய்துவிடும். நூறும் ஒன்றைச் சுட்டால், பழுதுநீக்குபவர் அதைக் குறிவைத்து முடிப்பதற்குள் அது வெடித்துவிடும். கப்பல்களின் நகர்வும் இவ்வாறே ஒருவரிடம் ஒப்படைக்கப்படுகிறது: ஆங்கர் எனப்படும் ஒருவர் கப்பலை ஓட்ட, முதல் வாத்தைத் தொடரும் வாத்துக்கூட்டம் போல ஏனையோர் அவரைக் குறிப்பிட்ட தொலைவில் பின்தொடருமாறு கட்டளையைப் பதிந்துவிட்டு இலக்கில் மட்டும் கண் வைக்கிறார்கள். பெரிய போரில் தம் கப்பலைத் தாமே ஓட்டும் வாய்ப்பு ஒருவருக்கு ஏறக்குறைய இல்லை என்பதே இதன் பொருள். தம்மை ஒரு விண்வெளிப் போர்விமானியாகக் கற்பனை செய்துகொண்டு வந்தவர்களில் பலர் இந்த இடத்தில்தான் சலிப்படைந்து விலகுகிறார்கள். அவர்களைக் குறைகூறவும் இயலாது.

அத்தகையோருக்கு ஏழெட்டுப் பேர் கொண்ட சிறு குழுக்களே ஏற்றவை. அங்கு, பெரிய பீரங்கிகள் மெதுவாகவே திரும்பும் என்பதாலும், அருகில் வேகமாகச் சுற்றிவரும் சிறு கப்பலை அவற்றால் பின்தொடர்ந்து தாக்க முடியாது என்பதாலும், ஃப்ரிகேட் எனப்படும் மலிவான சிறு கப்பலை ஓட்டும் புதியவர்கூடத் தம்மைவிடப் பன்மடங்கு பெரிய கப்பலைத் தப்பவிடாமல் பிடித்து வைத்திருக்க முடிகிறது. ‘டேக்கிள்’ எனப்படும் இப்பணிக்குப் பல மாதப் பயிற்சி தேவையில்லை. ஆனால் எதிரியை நோக்கி நேர்கோட்டில் பாயாமல் சாய்கோணத்தில் நெருங்கும் பொறுமை தேவை. நேராக வருபவர் பீரங்கியின் பார்வையில் அசையாமல் நிற்பவராகவே ஆகிவிடுகிறார்.

லாஜி எனப்படும் பழுதுநீக்கும் கப்பல்களே ஓர் அணியின் ஆயுளைத் தீர்மானிக்கின்றன என்பதால், அவற்றை ஓட்டுபவர்களிடம் உதவி கேட்கும் முறையைப் புதியவர் துப்பாக்கியைத் தொடும் முன்பே கற்றுக்கொள்ள வேண்டும். உதவியைக் குரலில் கேட்கக்கூடாது. 200 பேர் இருக்கும் குரல்வழி இணைப்பில் ஒருவர் அலறினால் தலைவரின் ஆணை மறைந்துவிடும். அதற்கென உள்ள பொத்தானை அழுத்தினால் பெயர் லாஜிகளின் பட்டியலில் தோன்றும். எப்போது அழுத்துவது என்பதில்தான் அனுபவம் வெளிப்படுகிறது. கேடயத்தை நிரப்பும் கருவி தன் சுழற்சியின் தொடக்கத்திலேயே பயனளிக்க, கவசத்தைச் சீராக்கும் கருவியோ சுழற்சி முடியும்போதுதான் பயனளிக்கிறது; ஆகவே கவசத்தை நம்பிப் போரிடும் அணியில் இருப்பவர், பல எதிரிகள் தம்மைக் குறிவைக்கத் தொடங்கியதுமே, முதல் குண்டு விழக் காத்திராமல், உதவி கோர வேண்டும். பாதிக் கவசம் போன பின் அழுத்துபவரைக் காப்பாற்றுவது அரிது.

மண்டலங்களை இணைக்கும் வாயில்களில் இரண்டு அறுபது நொடிகள் நினைவில் நிற்க வேண்டியவை. வாயிலைக் கடந்து மறுபுறம் வந்தவர், அசையாமலும் எதையும் இயக்காமலும் இருந்தால், 60 நொடி வரை எதிரியின் கண்ணுக்குத் தெரியமாட்டார். தலைவர் ‘ஹோல்ட் கிளோக்’ என்று கூறுவது இந்த மறைவைக் கலைக்க வேண்டாம் என்பதற்காகத்தான். மற்றது, ஆயுதத்தால் பிறரைத் தாக்கியவர் அடுத்த 60 நொடிக்கு வாயிலையோ நிலையத்தையோ பயன்படுத்த இயலாது என்னும் தடை. பின்வாங்கும் ஆணை வருவதற்குச் சற்று முன்பே சுடுவதை நிறுத்தச் சொல்லும் தலைவர் கோழையல்லர். தம் அணி எப்போது வாயிலைக் கடக்க முடியும் என்று எண்ணிக்கொண்டிருப்பவர்.

ஒரே மண்டலத்தில் ஆயிரக்கணக்கானோர் கூடும்போது சர்வர் திணறாமலிருக்க, விளையாட்டின் காலத்தையே மெதுவாக்கும் ஏற்பாடு ஒன்று உண்டு. அதன் உச்சத்தில் காலம் பத்தில் ஒரு பங்கு வேகத்தில் ஓடுவதால், ஒரு மணிநேரச் சண்டை பத்து மணிநேரமாக நீள்கிறது. 2014 ஜனவரி 27 அன்று தொடங்கி ஏறத்தாழ 21 மணிநேரம் நடந்த பி-ஆர்5ஆர்பி போரில் 7,548 பேர் பங்கேற்றனர். விளையாட்டின் மிகப் பெரிய கப்பல் வகையான டைட்டன்களில் 75 அழிந்தன. மொத்த இழப்பு உண்மைப் பணத்தில் சுமார் 3 லட்சம் அமெரிக்க டாலர் என மதிப்பிடப்பட்டது. இத்தனைக்கும் காரணம், அம்மண்டலத்தின் உரிமைக் கட்டணம் உரிய நேரத்தில் செலுத்தப்படாமல் போனதுதான். உரிமை நழுவ, எதிரிகள் உடனே புகுந்தனர். 2021 ஜனவரித் தொடக்கத்தில் எம்2-எக்ஸ்எஃப்இ மண்டலத்தில் நடந்ததோ வேறு வகைப் பாடம்: சில நாள்களுக்கு முன் அங்கு 250க்கும் மேற்பட்ட டைட்டன்கள் அழிந்திருந்த நிலையில், ஒரு பெரும்படை மீண்டும் உள்ளே தாவியபோது, சர்வரின் சுமையால் பலருக்குத் திரையில் போர்க்களமே தோன்றவில்லை, கப்பல் மட்டும் அழிந்தது. மலை, ஆறு போல சர்வரின் தாங்குதிறனும் நிலவியலின் ஒரு பகுதி என்பதையும், முதலில் களத்தில் அமர்ந்தவருக்கே அது சாதகம் என்பதையும் அதற்குப் பின் திட்டமிட்ட எந்தத் தலைவரும் மறந்திருக்க முடியாது.

இப்போர்களை நடத்துபவை கூட்டணிகள். ஆட்டக்காரர்கள் கார்ப்பரேஷன் எனப்படும் சங்கங்களாகச் சேர்கிறார்கள், சங்கங்கள் கூட்டணிகளாகச் சேர்கின்றன. காவல்துறை இல்லாத, நல்செக் எனப்படும் வெளிப்பகுதிகளில் நிலத்தை ஆளுவதும் வரி வசூலிப்பதும் அவையே. ஒரு கூட்டணியின் வலிமையை அதன் டைட்டன்களின் எண்ணிக்கையால் அளப்பது தவறு. எஸ்ஆர்பி எனப்படும் ஈட்டுத்தொகை முறை எவ்வளவு விரைவாக இயங்குகிறது என்பதே நம்பத்தக்க அளவுகோல். தலைவர் விதித்த வகைக் கப்பலில், விதித்த ஆயுதங்களோடும் கவசத்தோடும் சென்று இழந்தவருக்கு, அழிவைப் பதிவுசெய்யும் கில்மெயிலைப் பார்த்துச் சில நாள்களில் பணம் கிடைத்தால் அவர் அடுத்த போருக்கும் வருவார். மாதக்கணக்கில் இழுத்தடித்தால், தோல்வி வரும் முன்பே படை கரைந்துவிடும். சரக்கேற்றுபவர்களும் கணக்கெழுதுபவர்களும் தூதர்களும் இல்லாத கூட்டணி ஒரு தோல்வியைக்கூடத் தாங்குவதில்லை.

உள்ளிருந்து வரும் கேட்டுக்கு 2009 பிப்ரவரியில் நடந்ததே போதிய சான்று. அன்று மிக வலிமை வாய்ந்ததாகக் கருதப்பட்ட பேண்ட் ஆஃப் பிரதர்ஸ் கூட்டணியின் நிர்வாகி ஒருவர் எதிரியான கூன்ஸ்வார்ம் பக்கம் சாய்ந்து, தம்மிடமிருந்த அதிகாரத்தைக் கொண்டே கூட்டணியைக் கலைத்துவிட்டார். பல ஆண்டு முற்றுகையாலும் பெறமுடியாத நிலம் ஒரே இரவில் உரிமையற்றதாயிற்று. விளையாட்டு விதிகள் இத்துரோகத்தைத் தடுக்கவில்லை, இன்றும் ஒற்றாடலைத் தடுப்பதில்லை. ஆகவே படை அறையில் பேசப்படும் எதையும் எதிரி கேட்டுக்கொண்டிருப்பதாகவே எண்ணிப் பேச வேண்டும். பொதுக் கிடங்கின் திறவுகோலை நட்புக்காக எவருக்கும் தரக்கூடாது. எனினும் ஐயம் அளவு கடந்தால், புதியவரை ஒற்றராகவே நடத்தி விரட்டும் சங்கமாக அது சுருங்கிவிடும். இந்நோயால் அழிந்த சங்கங்கள் ஒற்றரால் அழிந்தவற்றைவிடக் குறைவென்று தோன்றவில்லை.

தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ ஆடுபவருக்குக் கூட்டணியைத் தேர்வதில் நேரமே முதன்மையான சிக்கல். தாக்கப்பட்ட தளம் ஒன்று உடனே அழிவதில்லை. காப்பவர் முன்கூட்டியே குறித்த வேளையில்தான் அடுத்த கட்டச் சண்டை நடக்கும் என்பதால், கூட்டணி எந்த நாட்டவரால் ஆளப்படுகிறதோ அந்நாட்டு மாலையிலேயே போர்கள் குவியும். ஐரோப்பியரின் மாலை நமக்கு நள்ளிரவு. அமெரிக்கரின் மாலை நமக்கு விடியற்காலை. நம் மாலை ஏழு முதல் பதினொரு மணி வரையிலான பொழுது, சீனரும் ஆஸ்திரேலியரும் உறங்கச் செல்லும், கிழக்கு ஐரோப்பியர் படிப்பும் வேலையும் முடித்து நுழையும் இடைவேளை. எனவே சேரும் முன் அக்கூட்டணியில் ஆசிய நேரத்தில் படை நடத்தும் தலைவர் உண்டா, ஈட்டுத்தொகை எத்தனை நாளில் வருகிறது, வராத நாளுக்குத் தண்டனை உண்டா என்று ஆள்சேர்ப்பவரிடம் கேட்டுவிட வேண்டும். அலாரம் வைத்து எழுந்து வருவதைக் கடமையாக்கும் கூட்டணியை, வேலையும் குடும்பமும் உள்ளவர் தவிர்ப்பதே நன்று. 2016 நவம்பர் முதல் அடிப்படைக் கணக்கு இலவசமாதலால், ஒரு கூட்டணியில் சேர்ந்து பார்த்துவிட்டு ஒத்துவராவிட்டால் விலகிக்கொள்ள எவரும் பணம் கட்ட வேண்டியதில்லை.