பசியை அடக்கும் மூலிகைப் பொடி வாங்கலாமா?



"இந்தப் பொடியைத் தண்ணியில கலக்கிக் குடிச்சா பசியே எடுக்காது, ஒரே மாசத்துல உடம்பு இளைச்சிடும்" என்று டப்பா விற்பவர்கள் சொல்வதை நாம் கேட்டிருக்கிறோம். மூலிகைதானே, கெடுதல் என்ன என்று குழுவில் கடன் எடுத்து வாங்கவும் சிலர் நினைக்கிறோம். வாங்கும் முன் இந்தப் பாடத்தைக் கூட்டத்தில் படியுங்கள்.

அந்தச் செடிகள் எவை?

1. கல்லிமுளையான். வறண்ட காட்டில் முளைப்பது. ஆடு மேய்ப்பவர்கள் பச்சையாகவே தின்பார்கள், துவையலும் அரைப்பார்கள். இதன் சாற்றை 50 பேரிடம் சோதித்து, பெங்களூர் மருத்துவர்கள் 2007-ல் முடிவை வெளியிட்டார்கள். சிலருக்குச் சாறு, சிலருக்கு வெறும் மாத்திரை என 60 நாட்கள் கொடுத்தார்கள். சாறு எடுத்தவர்களுக்குப் பசியும் இடுப்புச் சுற்றளவும் கொஞ்சம் குறைந்தன. ஆனால் எடையில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை.

2. கொடம்புளி. கேரளத்தில் மீன் குழம்புக்குப் போடும் புளி. 1998-ல் அமெரிக்காவில் 135 பேரிடம் 12 வாரம் சோதித்தார்கள். புளிச்சத்து மாத்திரை எடுத்தவர்கள் சராசரியாக 3.2 கிலோ இளைத்தார்கள். வெறும் மாத்திரை எடுத்தவர்களோ 4.1 கிலோ! இரு தரப்பும் சாப்பாட்டைக் குறைத்திருந்தார்கள். இளைத்தது அதனால்தான்.

கெடுதல் உண்டா?

குழம்பில் ஒரு துண்டு போடுவது வேறு, சத்தைப் பிழிந்து கெட்டியாக்கித் தினமும் விழுங்குவது வேறு. கொடம்புளிச் சத்து கலந்த மாத்திரைகளால் சிலருக்குக் கல்லீரல் கெட்டிருக்கிறது. சர்க்கரை நோய்க்கு மாத்திரை போடுபவர் பசியை அடக்கிச் சாப்பிடாமல் இருந்தால், சர்க்கரை இறங்கி மயக்கம் வரும். உப்பளத்து வெயிலில் கூடை சுமக்கும்போது அப்படி ஆனால் என்ன கதி? கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் இதைத் தொடவே கூடாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டுப் பெண்களில் 100-க்கு 40 பேருக்கு எடை அதிகம். 100-க்கு 53 பேருக்கு இரத்தசோகை. குண்டாக இருப்பவருக்கும் இரத்தம் குறைவாக இருக்கலாம். அவர் பசியை அடக்கினால் இருக்கிற சத்தும் போய்விடும்.

நாம் என்ன செய்யலாம்?

• தையல் டேப்பால் இடுப்பை அளங்கள். 80 செ.மீ.க்கு மேல் என்றால் கவனம் தேவை.
• மழைக்காலத்தில் உப்பள வேலை நின்றுவிடும், ஆனால் மூணு வேளையும் சோறு அப்படியே இருக்கும். எடை ஏறுவது இப்படித்தான். அந்த மாதங்களில் சோற்றில் ஒரு கரண்டி குறைத்து, கீரையோ சுண்டலோ ஒரு கரண்டி கூட்டுங்கள்.
• பசி தாங்க வேண்டுமா? கேழ்வரகு, கம்பு, பயறு, மீன் சாப்பிடுங்கள். இவை வயிற்றில் நின்று பசி தாங்கும். மீனை வறுக்காமல் குழம்பு வையுங்கள்.
• டீக்குச் சர்க்கரையைக் குறையுங்கள்.
• திடீரென எடை கூடினாலோ குறைந்தாலோ ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். சர்க்கரை, இரத்த அழுத்தம், இரத்த அளவு மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கூட்டத்தில் பேசுவோம்

1. நம் ஊரில் இப்படிப் பொடி வாங்கியவர் உண்டா? எவ்வளவு செலவானது?
2. அந்தப் பணத்துக்கு எத்தனை கிலோ பயறு வாங்கலாம்?
3. உறுப்பினர் ஒருவரே இதை விற்க வந்தால் குழு என்ன சொல்ல வேண்டும்?

பேசியதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வையுங்கள்.