வீட்டிலிருந்தே இணைய வானொலி: 1961-ன் பாடல்களோடு ஒரு மணி நேரம்

ஒரு கம்ப்யூட்டர், ஹெட்போன், மைக், பிராட்பேண்ட் இணைப்பு. இவை இருந்தால் வீட்டில் உட்கார்ந்தபடியே இணைய வானொலி நிகழ்ச்சி நடத்தலாம். பழைய பாடல்கள் என்றால் கேட்க ஆள் உண்டு. ஆனால் பாடல்களை வரிசையாக ஓட விடுவது மட்டும் நிகழ்ச்சி ஆகாது. அதை யூடியூபே செய்துவிடும். இலங்கை வானொலியின் 'பாட்டுக்குப் பாட்டு' இன்றும் பேசப்படுகிறது என்றால், பாடல்களைக் கோக்க ஒரு நூல் அதில் இருந்தது. நமக்கும் அப்படி ஒரு நூல் வேண்டும்.

'பழைய பாடல்கள்' என்று பொதுவாக வைக்காதீர்கள். தலைப்பு குறுகலாக இருந்தால்தான் பேச விஷயம் கிடைக்கும். உதாரணமாக 1961-ஐ எடுத்துக் கொள்வோம். பாவ மன்னிப்பு, பாசமலர், பாலும் பழமும் மூன்றும் அந்த ஒரே ஆண்டில் வந்தவை. மூன்றுக்கும் இயக்குநர் ஏ. பீம்சிங், நாயகன் சிவாஜி கணேசன், இசை விஸ்வநாதன் - ராமமூர்த்தி, பாடல்கள் கண்ணதாசன். ஒரு மணி நேரத்துக்கு இது போதும். பாடலுக்கு நான்கு நிமிடம் என்று வைத்தால் 12 பாடல்களுக்கு 48 நிமிடம் போக, உங்கள் பேச்சுக்கு 12 நிமிடம் கிடைக்கும். அதாவது பாடலுக்கு ஒரு நிமிடம். அதற்கு மேல் பேசினால் கேட்பவர் வேறு பக்கம் போய்விடுவார். பாடலின் முதல் வரியை நீங்களே சொல்லி சுவாரஸ்யத்தைக் கெடுக்க வேண்டாம். யார் பாடியது, படத்தில் எந்த இடம் என்று சொன்னால் போதும்.

அடுத்து உரிமை. புதியவர்கள் பலரும் கவனிக்காமல் விடுவது இதைத்தான். ஒரு சினிமாப் பாடலில் ஒலிப்பதிவு, இசை, வரிகள் என மூன்று உரிமைகள் உள்ளன. இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். எனவே 1961-ன் ஒலிப்பதிவுகளுக்கு அது 2021 இறுதியோடு முடிந்துவிட்டது. 'அப்படியானால் இலவசம்தானே!' என்று குதித்துவிடாதீர்கள். வரிகளுக்கும் இசைக்கும் படைத்தவர் மறைந்த ஆண்டிலிருந்து கணக்கு. கண்ணதாசன் மறைந்தது 1981-ல். அவர் வரிகளுக்கு 2041 இறுதி வரை பாதுகாப்பு உண்டு. இரட்டையரில் எம்.எஸ்.வி. 2015 வரை இருந்தார். இருவரும் சேர்ந்து போட்ட இசைக்குப் பிந்தியவரின் மறைவே கணக்கு என்பதால், அது 2075 வரை போகும்! பாடலாசிரியர்கள், இசையமைப்பாளர்கள் சார்பில் ஐ.பி.ஆர்.எஸ். என்னும் அமைப்பு உரிமம் வழங்குகிறது. ஒளிபரப்பைத் தொடங்கும் முன் அவர்களிடம் கேட்டுவிடுங்கள். சர்வர் வாடகைக்குத் தரும் நிறுவனம் 'உரிமமும் சேர்த்தே தருகிறோம்' என்றால், அது இந்தியாவுக்கும் இந்தப் பாடல்களுக்கும் செல்லுமா என்று எழுத்தில் வாங்கிக் கொள்வது நல்லது. பிற்காலத்தில் புதிதாகப் பாடிப் பதிந்தவை தனிப் பதிவுகள். அவற்றுக்கு ஆண்டுக் கணக்கும் தனி.

இனி ஒலி. ஒரு பாடல் மெலிதாகவும் அடுத்தது காதைப் பிளப்பதாகவும் இருக்கும். ஆடாசிட்டி என்னும் இலவச மென்பொருளில் பாடலைத் திறந்து, எஃபெக்ட் மெனுவில் லவுட்னஸ் நார்மலைசேஷன் கொடுங்கள். எல்லாப் பாடல்களுக்கும் ஒரே அளவைக் கொடுத்தால் ஒரே சத்தத்தில் அமைந்துவிடும். இரைச்சலை நீக்கும் நாய்ஸ் ரிடக்ஷனை மட்டும் கொஞ்சமாகப் பயன்படுத்துங்கள். அளவு மீறினால் பாடகர் தண்ணீருக்குள்ளிருந்து பாடுவது போலக் கேட்கும். என்னைக் கேட்டால் லேசான கரகரப்பு இருந்துவிட்டுப் போகட்டும்.

ஒளிபரப்புக்கு மிக்ஸ் என்னும் மென்பொருள் போதும். இதுவும் இலவசம். ப்ரிஃபரன்சஸில் லைவ் பிராட்காஸ்டிங் பகுதிக்குச் சென்று, வகையாக ஐஸ்காஸ்ட் 2-ஐத் தேர்ந்தெடுங்கள். சர்வர் முகவரி, போர்ட் எண் (பெரும்பாலும் 8000), மவுண்ட், பாஸ்வேர்டு ஆகியவற்றை சர்வர் நிறுவனம் தரும். இந்தக் காலப் பாடல்கள் மோனோ ஒலிப்பதிவுகள்தாம். எனவே மோனோவில் 64 கேபிபிஎஸ் வைத்தாலே நன்றாகக் கேட்கும். ஒரு மணி நேரம் கேட்பவருக்கு ஏறத்தாழ 29 எம்பி டேட்டாதான் செலவாகும்.

சர்வர் எதற்கு, நம் கம்ப்யூட்டரிலிருந்தே அனுப்பினால் என்ன என்று தோன்றலாம். 20 பேர் கேட்டால் 20 தனித்தனி ஓடைகளை, அதாவது 1,280 கேபிபிஎஸ், உங்கள் இணைப்பே தூக்க வேண்டும். சர்வர் இருந்தால் நீங்கள் அனுப்புவது ஒன்றே ஒன்று. பிரித்துக் கொடுப்பது அதன் வேலை.

மைக்கில் டாக்ஓவர் டக்கிங் என்பதை ஆட்டோவில் வையுங்கள். நீங்கள் பேசும்போது பாட்டு தானே தணியும். முதல் முறை பாடல் எதுவும் இல்லாமல், உங்கள் குரலை மட்டும் ஐந்து நிமிடம் அனுப்பிப் பாருங்கள். நண்பர் ஒருவர் விஎல்சி ப்ளேயரில் மீடியா மெனுவின் ஓபன் நெட்வொர்க் ஸ்ட்ரீமில் முகவரியைக் கொடுத்துக் கேட்கட்டும். நீங்கள் பேசியது அவருக்குச் சில வினாடிகள் தாமதித்துத்தான் போய்ச் சேரும். இது கோளாறு அல்ல. ஆனால் அதை உங்கள் அறையிலேயே ஸ்பீக்கரில் ஓட விட்டால், பழைய பேச்சு மைக்கில் மறுபடி நுழைந்துவிடும். ஹெட்போனைக் கழற்றாதீர்கள்.