கடற்கரைத் துப்புரவும் நம் பிள்ளைகளும்

ஒரு வேலையை உயர்ந்தது என்றும் தாழ்ந்தது என்றும் நாம் எதைக் கொண்டு தீர்மானிக்கின்றோம்? இம்முறைப் பாடம் இக்கேள்வியைப் பற்றியது. உதாரணமாக, சிட்னியில் வாழும் நம்மிடையே நடக்கும் ஒரு விடயத்தையே எடுத்துக்கொள்வோம்.

நம் சங்கக் குடும்பமொன்றின் மகள் பதினோராம் வகுப்பில் படிக்கின்றார். ஞாயிறு காலைகளில் கையுறையும் ஒரு சாக்கும் கொண்டு அருகிலுள்ள கடற்கரைக்குச் சென்று குப்பை பொறுக்கி வருகின்றார். “குப்பை பொறுக்கவோ உன்னை இவ்வளவு தூரம் கொண்டு வந்தனாங்கள்?” என்று அம்மம்மா கேட்டாராம். இக்கேள்வி நம் வீடுகள் பலவற்றில் எழக்கூடியது.

அம்மம்மாவின் கவலை நமக்கு விளங்காததன்று. ஊரில் குப்பை அள்ளுவது பிறப்பின் பேரால் சிலர் தலையில் சுமத்தப்பட்ட வேலையாக இருந்தது. அந்த எண்ணம் நம்மோடு விமானமேறி வந்துவிட்டது. ஆனால் அகதிகளாக வந்த புதிதில், பட்டம் பெற்ற நாமும் இரவில் அலுவலகங்களைக் கூட்டித் துடைத்தோம். உணவகங்களில் கோப்பை கழுவினோம். அந்த ஊதியத்தில்தான் நம் குடும்பங்கள் நிமிர்ந்தன.

நம் சமயமும் இவ்வேலையைத் தாழ்வாகக் கருதவில்லை. திருநாவுக்கரசர் உழவாரப்படையைக் கையில் ஏந்தி ஆலய வீதிகளில் புல் செதுக்கினார். அவரது தமக்கையார் திலகவதியார் திருவதிகைக் கோயிலைக் கூட்டி மெழுகினார். பலரும் கூடுமிடத்தைத் தூய்மையாக வைத்திருப்பது தொண்டு என்பது இவர்கள் காட்டிய வழி. கடற்கரையும் பலரும் கூடுமிடமே.

குப்பை எங்கிருந்து வருகின்றது?

கடற்கரைக்கு வந்தவர்கள் விட்டுச் சென்றது ஒரு பகுதியே. சிட்னியில் மழைநீர் வடிகால்களும் கழிவுநீர்க் குழாய்களும் வெவ்வேறானவை. வீதியில் விழும் மழைநீர், கழிவுநீரைப் போலச் சுத்திகரிப்பு நிலையத்திற்குச் செல்வதில்லை. ஆறுகள் வழியாகவோ நேராகவோ கடலைச் சேர்கின்றது. கடைவாசலில் எறிந்த பொலித்தீன் பை, ஒரு பெருமழைக்குப் பின் கடற்கரையில் கிடக்கக்கூடும். கடலைக் கண்ணால் காணாதவரும் கடலில் குப்பை போட முடியும்.

எண்ணிப் பார்த்தல்

இப்பிள்ளை பொறுக்கியவற்றை ஒரு கொப்பியில் இனவாரியாகக் குறித்து வருகின்றார். “சிகரெட் முனைகள்” என்ற வரியே மிக நீளமானது. கணக்குத் தொழிலில் உள்ள நமக்கு இது மகிழ்ச்சி தருகின்றது. வரவைப் பதியாமல் நட்டத்தின் காரணத்தைக் கண்டுபிடிக்க முடியாது.

1986 ஆம் ஆண்டு அமெரிக்காவின் டெக்சாஸ் கரையைத் துப்புரவு செய்த தொண்டர்களும் இவ்வாறே ஒவ்வொரு பொருளையும் அட்டையில் பதிந்தனர். அது இன்று பல நாடுகளில் ஆண்டுதோறும் நடக்கின்றது. அக்கணக்கில் பல ஆண்டுகளாகச் சிகரெட் முனைகளே முதலிடத்தில் இருந்தன. அவற்றின் வடிகட்டி பஞ்சு போலத் தோன்றினாலும் ஒருவகைப் பிளாஸ்ரிக்கே.

குப்பை எதுவென்று தெரிந்தால் பரிகாரமும் தெரியும். தென் அவுஸ்திரேலியாவில் 1977 முதல் பானப் போத்தல்களைத் திருப்பிக் கொடுப்போருக்குப் பணம் கிடைக்கின்றது. நம் நியூ சவுத் வேல்ஸில் 2017 டிசம்பரில்தான் இத்திட்டம் தொடங்கியது. போத்தல் ஒன்றுக்கு 10 சதம். விலையுள்ள பொருளை மனிதர் எளிதில் எறிவதில்லை.

ஒருவர் தொடங்கியது

இயன் கீர்னன் என்ற சிட்னிவாசி 1986-87 இல் பாய்க்கப்பலில் தனியாக உலகைச் சுற்றினார். நடுக்கடலில் மிதந்த குப்பையைக் கண்டு வருந்திய அவர், 1989 ஜனவரியில் சிட்னித் துறைமுகத்தைத் துப்புரவு செய்ய மக்களை அழைத்தார். ஏறக்குறைய 40,000 பேர் வந்தனர். அடுத்த ஆண்டு அது நாடு தழுவிய நாளாகியது. இன்றும் மார்ச் மாத முதல் ஞாயிற்றுக்கிழமை அந்நாள் நடைபெறுகின்றது.

செய்யும் முறை

1. பெரியவர் ஒருவர் உடன் செல்லவேண்டும். தடித்த கையுறை, மூடிய சப்பாத்து, தொப்பி, தண்ணீர் அவசியம்.
2. கடல் வற்றும் வேளையை அறிந்து செல்லுங்கள். அலைக்கு முதுகு காட்டி நிற்கவேண்டாம்.
3. ஊசி கண்டால் பிள்ளைகள் தொடக்கூடாது. இடத்தைக் குறித்து நகரசபைக்கு அறிவியுங்கள்.
4. வெறும் ரின்னுக்குள்ளும் போத்தலுக்குள்ளும் விரலை விடவேண்டாம். நஞ்சுள்ள நீலவளைய ஒக்டோபஸ் அவற்றுள் ஒளிந்திருக்கலாம்.
5. கடற்பாசி, சிப்பி, மரக்கட்டை குப்பையல்ல. சிறு உயிர்களுக்கு வீடும் உணவும் அவையே. விட்டுவிடுங்கள்.
6. தூண்டில் நூலைக் கட்டாயம் எடுங்கள். அது பறவைகளின் கால்களில் சிக்கிக்கொள்ளும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பரீட்சைப் புள்ளிகளைக் கேட்கும் நாம், பிள்ளையின் கொப்பியில் இருக்கும் இக்கணக்கையும் கேட்போம். இயன்றால் ஒருநாள் நாமும் ஒரு சாக்கைப் பிடித்துக்கொண்டு உடன் செல்வோம். தாத்தா பாட்டிமாரையும் அழைத்துச் செல்லலாம். குனிய முடியாதவர்கள் எண்ணிக் குறிக்கலாம்.

பிள்ளைகள் விடை எழுத:

1. உங்கள் வீதியில் விழும் குப்பை எந்த ஆற்றை அல்லது கடற்கரையைச் சென்றடையும்?
2. நம் ஆலயத் திருவிழா ஒன்றில் சேரும் குப்பையில் எவற்றைக் குறைக்கலாம்? மூன்றைக் கூறுக.
3. உழவாரப்பணி என்றால் என்ன? அதை இன்று எங்கே செய்யலாம்?