குறைந்த சம்பளத்துக்கு ஊரை விட்டுப் போகலாமா?

கொழும்பில் ஒரு வேலை கிடைத்திருக்கிறது; சம்பளம் பெரிதில்லை. போவதா, இருப்பதா? இக்கேள்வி இன்று வடக்கிலும் கிழக்கிலும் பல வீடுகளில் எழுகின்றது. போனால்தான் பிள்ளை முன்னேறும் என்கிறார் தகப்பன். அந்தக் காசுக்கு அங்கே போய் என்ன மிஞ்சும் என்கிறார் தாய். இருவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆகவே இதை நிதானமாகச் சிந்தித்துப் பார்ப்போம்.

தொழிலுக்காக ஊரை விட்டுப் போவது நமக்குப் புதிதல்ல. ஆங்கிலேயர் காலத்தில் யாழ்ப்பாணத்தார் பலர் எழுதுவினைஞர்களாகவும் ரெயில்வே ஊழியர்களாகவும் மலாயாவுக்குப் போனார்கள். பின்னர் கொழும்புக்குப் போனார்கள். 1956 இல் யாழ்தேவி ஓடத் தொடங்கியபின் போய்வருவது இலகுவாயிற்று. அவர்கள் அனுப்பிய மணியோடரில் எத்தனையோ குடும்பங்கள் தலைநிமிர்ந்தன. ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. அன்றைய அரசாங்க உத்தியோகம் நிரந்தரமானது; முடிவில் ஓய்வூதியமும் இருந்தது. இன்று தனியார் கம்பெனியில் கிடைக்கும் வேலை அப்படிப்பட்டதல்ல. முன்னோர் போனார்கள் என்பது மட்டும் நாம் போவதற்குப் போதிய காரணமாகாது.

1. கடதாசியில் கணக்குப் போடுங்கள்

உதாரணத்துக்கு ஒரு கணக்குப் பார்ப்போம். கொழும்பு வேலைக்குச் சம்பளம் 45,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம், அதாவது 3,600 ரூபா கழிந்தால், கைக்கு வருவது 41,400. இன்னொருவரோடு பங்கிடும் அறைக்கு 15,000, சாப்பாட்டுக்கு 18,000, பஸ்ஸுக்கும் தொலைபேசிக்கும் 5,000. மிச்சம் 3,400 ரூபா. ஒரு முறை ஊருக்கு வந்துபோனால் அதுவும் கரைந்துவிடும்.

அதே பிள்ளைக்கு யாழ்ப்பாணத்திலேயே 32,000 ரூபாவுக்கு ஒரு வேலை உண்டென்று வைத்துக்கொள்வோம். கைக்கு வருவது 29,440. வீட்டுச் சாப்பாடு இலவசமல்ல. அடுப்புக்கென்று தாயின் கையில் 10,000 கொடுக்கட்டும். போக்குவரத்துக்கும் தொலைபேசிக்கும் 4,000. மிச்சம் 15,440 ரூபா. சம்பளம் குறைந்த வேலையிலேயே மாதம் 12,040 ரூபா கூடுதலாக மிஞ்சுகிறது!

சேமலாப நிதியையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். ஊழியரின் 8 வீதத்தோடு தொழில்தருநர் 12 வீதம் போடுகிறார். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கும் அவரே 3 வீதம் கட்டுகிறார். சம்பளம் கூடிய கொழும்பு வேலையில் இச்சேமிப்பு மாதம் 2,990 ரூபா அதிகம். ஆனால் சேமலாப நிதியை நினைத்த நேரத்தில் எடுக்க முடியாது. பொதுவாக ஆணுக்கு 55 வயதும் பெண்ணுக்கு 50 வயதும் ஆகவேண்டும். இதையும் கழித்துப் பார்த்தாலும், கொழும்புக்குப் போவதால் மாதம் ஏறக்குறைய 9,000 ரூபா குறைகிறது.

உங்கள் வீட்டுத் தொகைகள் வேறாக இருக்கும். முறை ஒன்றுதான்: சம்பளத்தை அல்ல, மிச்சத்தை ஒப்பிடுங்கள்.

2. அந்த 9,000 ரூபாவுக்கு என்ன கிடைக்கிறது?

அப்படியானால் போகவே கூடாதா? அப்படியல்ல. அந்தத் தொகையை ஒரு படிப்புக்குக் கட்டும் பணம்போல எண்ணிப் பாருங்கள். வருடத்துக்கு ஒரு லட்சம் ரூபாவுக்கு மேல் வருகிறது. அதற்கு ஈடாகப் பிள்ளைக்குக் கிடைப்பது என்ன? ஊரில் பழக முடியாத ஒரு கைத்தொழிலா? கணக்காளர் பரீட்சைக்கு வேண்டிய பயிற்சியா? சிங்களமும் ஆங்கிலமும் பேசிப் பழகும் வாய்ப்பா? இரண்டு வருடத்தின்பின் வேறிடத்தில் கூடிய சம்பளத்துக்குக் கேட்கத்தக்க அனுபவமா? இவற்றுள் ஒன்றாவது உறுதியாக உண்டென்றால், போவதில் நியாயம் இருக்கிறது. ஊரில் செய்யும் அதே வேலையைத்தான் அங்கும் செய்வதென்றால், படிப்பில்லாத பள்ளிக்குப் பணம் கட்டுவதாகவே முடியும்.

3. நியமனக் கடிதத்தை வாசியுங்கள்

வாய்ப்பேச்சை நம்பிப் பெட்டி கட்ட வேண்டாம். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, படிகள் எவ்வளவு, தகுதிகாண் காலம் எத்தனை மாதம், சேமலாப நிதி முதல் மாதத்திலிருந்தே கட்டப்படுமா என்பன எழுத்தில் இருக்கவேண்டும். கடை, அலுவலக ஊழியருக்கு வாரத்துக்கு 45 மணித்தியாலமே சாதாரண வேலைநேரம். அதற்கு மேல் மேலதிகநேரக் கொடுப்பனவு உண்டு. தேசிய ஆகக்குறைந்த மாதச் சம்பளம் 2026 ஜனவரி முதல் 30,000 ரூபா. இதற்குக் குறைவாகக் கேட்டால் தொழில் திணைக்களத்தில் முறையிடலாம்.

சிக்கனமாக வாழும் தொழிலாளியைத் தாங்கப் போதாத கூலி நீதியான கூலியல்ல என்பதை 13ஆம் சிங்கராயர் பாப்பரசர் 1891 இலேயே தமது திருமடலில் போதித்தார். ஆகவே சம்பளத்தைப் பற்றிக் கேள்வி கேட்பது பேராசையுமல்ல, நன்றிகெட்டதனமுமல்ல.

4. முதல் இரண்டு மாதங்கள்

பலர் தடுக்கி விழுவது இங்கேதான். அறைக்கு முற்பணம் கொடுக்கவேண்டும். பாய், தலையணை, பாத்திரம் வாங்கவேண்டும். சம்பளமோ மாத முடிவில்தான் வரும். கையில் இரண்டு மாதச் செலவுக்குப் பணம் இல்லாமல் புறப்பட்டால், தாயின் நகை அடைவுக்குப் போகும். பின்னர் சம்பளம் வட்டிக்கே சரியாகிவிடும். பணம் சேரும்வரை வேலையில் சேரும் நாளை ஒரு மாதம் தள்ளித்தர முடியுமா என்று கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

5. பெற்றோரின் கவனத்துக்கு

பிள்ளை போனதுமே பணம் வரும் என்று காத்திருக்காதீர்கள். 3,400 ரூபா மிஞ்சும் பிள்ளையிடம் 10,000 எதிர்பார்த்தால், அவர் அனுப்பத்தான் செய்வார். ஆனால் இரவுச் சாப்பாட்டை விட்டுவிட்டு அனுப்புவார், அல்லது கடன் வாங்கி அனுப்புவார். அது உங்களுக்குத் தெரியவும் வராது. முதல் வருடம் எதுவும் அனுப்பவேண்டாம் என்று நீங்களே சொல்லிவிடுங்கள். அப்படிச் சொல்ல முடியாத நிலையில் வீடு இருந்தால், இந்த வேலை அவ்வீட்டுக்கு ஏற்றதல்ல.

போகுமுன் ஒரு தவணையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வருடம் என்று வைத்தால், அந்நாளில் மீண்டும் இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். சம்பளம் உயரவில்லை, தொழிலும் பழகவில்லை என்றால் பிள்ளை திரும்பி வரட்டும். அதைத் தோல்வி என்று அயலார் சொல்லலாம். வீட்டார் சொல்லக் கூடாது. திரும்பிவர வெட்கப்பட்டே ஆண்டுக்கணக்காக அறைவாடகை கட்டிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் உண்டு. கதவு திறந்திருக்கிறது என்று தெரிந்த பிள்ளைதான் துணிந்து போகவும் முடியும், நேரத்தோடு திரும்பவும் முடியும்.

குடும்பமாகச் சிந்திக்க

அ. இரண்டு இடத்திலும் செலவுபோக மிஞ்சுவது எவ்வளவு?
ஆ. குறைகின்ற பணத்துக்கு ஈடாகப் பிள்ளை எதைக் கற்றுக்கொள்ளும்?
இ. முதல் இரண்டு மாதச் செலவு கடனில்லாமல் கையில் உண்டா?
ஈ. பிள்ளை போனால் வீட்டிலுள்ள முதியோரை யார் பார்ப்பது?
உ. போக விரும்புவது பிள்ளையா, அல்லது அனுப்ப விரும்புவது நாமா?

ஐந்தாவது கேள்விக்குப் பிள்ளை முதலில் பதில் சொல்லட்டும். பெற்றோர் அதுவரை பொறுத்திருந்து கேளுங்கள்.