மனை புரோக்கரிடம் முதல் பேச்சு



சேமிப்பும் கடனும் சேர்த்து இரண்டு சென்ட் மனை வாங்கணும் என்ற ஆசை நம்மில் பலருக்கும் உண்டு. புரோக்கரிடம் போனால் என்ன நடக்கும்?

முதலில் அவர் கேட்பார்: "எவ்வளவு வரைக்கும் பாக்கலாம்? எந்தப் பக்கம்? கைப்பணமா, லோனா?" உங்களால் முடிந்த தொகையைக் கொஞ்சம் குறைத்தே சொல்லுங்கள்.

அடுத்து, "வேற பார்ட்டி ரெடியா இருக்கு, இன்னைக்கே அட்வான்ஸ் போடுங்கக்கா" என்பார். இது வியாபாரப் பேச்சு. அவசரப்படாதீங்க.

நாம் கேட்க வேண்டியவை:

1. கமிஷன் எவ்வளவு? நூற்றுக்கு ஒன்று, இரண்டு என்பது பொதுவான வழக்கம். இடம் பார்க்கும் முன்பே பேசிவிடுங்கள்.

2. பத்திரம், பட்டா நகல் தருவீர்களா? சர்வே நம்பர் இருந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று வாங்கிப் பார்க்கலாம்.

3. பிளாட் போட்ட இடமா? அங்கீகார எண்ணைக் கேளுங்கள். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட புது மனைப்பிரிவு என்றால், 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டப்படி மனைப்பிரிவும், அதை விற்கும் புரோக்கரும் பதிவு பெற்றிருக்க வேண்டும்.

முதல் நாளே பணம் கொடுக்கக் கூடாது. காகிதங்களைச் சரிபார்த்த பிறகு, நிலத்துக்காரர் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தின் பேரில் அவரிடமே கொடுங்கள். துண்டுச் சீட்டை நம்பிக் கொடுத்த அட்வான்ஸ் திரும்பி வராமல் போகலாம். குழுக்கடன் தவணை மட்டும் மாதாமாதம் தவறாமல் வரும்.

"நகல் குடுங்கண்ணே, கலந்து பேசிட்டு சொல்றோம்" என்று சொல்லுங்கள். நல்ல புரோக்கர் கோபப்பட மாட்டார்.

குழுக் கூட்டத்தில் பேச: நம் ஊரில் மனை வாங்கியவர்கள் முதலில் எந்தக் காகிதத்தைப் பார்த்தார்கள்?