பேசப் பழக எந்த வகுப்பு?

சித்தூருக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். அங்கே ஒரு பெண். டுவாக்ரா குழுவின் தலைவி. ஊரே அவரைச் சின்னம்மா என்று கூப்பிடும். நாமும் அப்படியே கூப்பிடுவோம்.

சின்னம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியும். இரவு வகுப்பில் கற்றார். வங்கியில் கையெழுத்துப் போடுகிறார். குழுவின் கணக்குப் புத்தகத்தைத் தானே பார்க்கிறார். ஆனால் கூட்டத்தில் பேச வராது.

போன கிராம சபையில் தண்ணீர்ப் பேச்சு வந்தது. அவர் தெருவில் போர் வற்றி மூன்று மாதம் ஆகியிருந்தது. சின்னம்மா எழுந்தார். அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். அவ்வளவுதான், தொண்டை அடைத்துக்கொண்டது. "தண்ணி..." என்றார். உட்கார்ந்துவிட்டார். அடுத்த தெருக்காரர் எழுந்து கணீரென்று பேசினார். புதுக் குழாய் அந்தத் தெருவுக்குப் போனது.

அக்கா மகள் விடுமுறைக்கு வந்தாள். அவள் திருப்பதியில் பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். பெண்களுக்கென்றே 1983-இல் தொடங்கிய பல்கலைக்கழகம் அது.

"பேசக் கத்துக் கொடுக்க வகுப்பு இருக்குதாமே, நெசமா?" என்று சின்னம்மா கேட்டார்.

"இருக்குது சின்னம்மா. ஆனா பார்த்துச் சேரணும்" என்றாள் அவள்.

இருவரும் திருப்பதிக்குப் போனார்கள். பஸ்ஸுக்குக் காசு செலவாகவில்லை. 2025 ஆகஸ்ட் 15 முதல் ஆந்திராவில் பல்லெவெலுகு, எக்ஸ்பிரஸ் பேருந்துகளில் பெண்களுக்கு டிக்கெட் இலவசம். ஆனால் நேரம் இலவசம் இல்லையே! போக இரண்டு மணி, வர இரண்டு மணி. வகுப்பைத் தேடும்போது இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

முதலில் பெரிய போர்டு வைத்த ஓர் இடத்துக்குப் போனார்கள். '30 நாளில் ஆங்கிலம்' என்று எழுதியிருந்தது. முழுக் கட்டணத்தையும் முன்பணமாகக் கேட்டார்கள். ஒரு வகுப்பை உட்கார்ந்து பார்க்கலாமா என்று அக்கா மகள் கேட்டாள். உட்கார்ந்தார்கள். வகுப்பில் 60 பேர். ஒரு மணி நேரத்தில் ஆசிரியரே 50 நிமிடம் பேசினார். மிச்சம் 10 நிமிடம். அதை 60 பேருக்குப் பங்கு போட்டால் ஆளுக்கு 10 விநாடி. குளத்தங்கரையில் உட்கார்ந்து பார்த்தால் நீச்சல் வருமா?

இன்னொன்றும் உண்டு. ஆங்கிலம் கற்பது வேறு. கூட்டத்தில் பேசப் பழகுவது வேறு. சின்னம்மா ஊர்க் கிராம சபை நடப்பது தெலுங்கில். வீட்டில் அவர் பேசுவது தமிழ். மாங்காய் மண்டியில் தெலுங்கில் விலை பேசும்போது அவர் தடுமாறுவதே இல்லை. அந்தத் தெலுங்கு போதும். எங்கே பேசப் போகிறோமோ, அந்த இடத்து மொழியில் நடக்கும் வகுப்புதான் வேண்டும்.

அடுத்துச் சமுதாயக் கல்லூரியைப் பற்றி விசாரித்தார்கள். இது என்ன கல்லூரி? பள்ளியைப் பாதியில் விட்டவர்களையும் மனதில் வைத்துத் தொடங்கியது. நம் நாட்டில் 1995-இல் புதுச்சேரியில் வந்தது. 1996-இல் சென்னையில் ஒன்று தொடங்கியது. இங்கே பேச்சுப் பயிற்சி தனியாக வருவது குறைவு. ஒரு தொழிலோடு சேர்ந்து வரும். நோயாளிகளைக் கவனிப்பது, தையல், கணினி என்று தொழில்கள். கூடவே நாலு பேரிடம் பழகவும் பேசவும் கற்றுத் தருவார்கள். பிறகு வேலை செய்யும் இடத்திலேயே பயிற்சி. வேலை தேடும் இளைஞர்களுக்கு இது மிகவும் நல்லது. சின்னம்மாவுக்கு வேலை வேண்டாம், குழாய்தான் வேண்டும். சான்றிதழும் தேவையில்லை. ஊர் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் அவர் கிராம சபை உறுப்பினர். பேச அது போதும்.

மூன்றாவது இடம் சித்தூரிலேயே இருந்தது. மாலை வகுப்பு. 15 பேர். தெலுங்கில் நடந்தது. கட்டணம் இரண்டு தவணை, ரசீது கொடுத்தார்கள். ஆசிரியை முதல் நாளே, "நீங்க வாங்கம்மா, உங்க ஊரைப் பத்திச் சொல்லுங்க" என்று சின்னம்மாவை முன்னால் நிறுத்திவிட்டார். கை நடுங்கியது. இருந்தாலும் நாலு வார்த்தை வந்தது. சேர்ந்துவிட்டார்.

அங்கே ஒரு முறையைக் கற்றார். அமெரிக்காவில் 1924-இல் ஸ்மெட்லி என்பவர் ஒரு சங்கம் தொடங்கினார். பெயர் டோஸ்ட்மாஸ்டர்ஸ். இன்று பல நாடுகளில் இருக்கிறது. ஒவ்வொருவரும் முறை வைத்துப் பேசுவார்கள். ஒருவர் நேரம் பார்ப்பார். நேரம் முடிவதைப் பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்கு காட்டும். 'ஆ', 'ஊ' என்று எத்தனை முறை இழுத்தோம் என்று எண்ணவும் ஓர் ஆள் உண்டு!

இதைச் சின்னம்மா தன் குழுவுக்குக் கொண்டுவந்தார். விளக்குக்குப் பதில் ஒரு கடிகாரம். சனிக்கிழமை தோறும் ஆளுக்கு இரண்டு நிமிடம். ஒருத்தி சபாநாயகர். யார் பேசலாம் என்று அவள்தான் சொல்வாள். (திருச்சானூரில் பிறந்த அனந்தசயனம் ஐயங்கார் 1956 முதல் 1962 வரை மக்களவையில் செய்த வேலையும் இதுதான்.)

"படிக்காத நமக்கு எதுக்குடி இதெல்லாம்?" என்றார் ஒரு பாட்டி.

சின்னம்மா நெல்லூர் மாவட்டத்தின் கதையைச் சொன்னார். அங்கே துபகுண்டா என்ற ஊரில் பெண்கள் அறிவொளி வகுப்பில் படித்தார்கள். பாடத்தில் சாராயத்தைப் பற்றி வந்தது. பாடம் பேச்சாக மாறியது. சாராயக் கடைக்கு எதிராக எழுந்தார்கள். போராட்டம் 1992-இல் ஊர் ஊராகப் பரவியது. 1993 அக்டோபர் 1 முதல் ஆந்திரா முழுவதும் சாராயம் தடை செய்யப்பட்டது. அந்தப் பெண்களும் அப்போதுதான் எழுத்துக் கற்றவர்கள்.

பாட்டி அடுத்த சனிக்கிழமை முழுதாக ஒரு நிமிடம் பேசினார். பேரனைப் பற்றித்தான்.

அடுத்த கிராம சபைக்கு முந்தின இரவு. சின்னம்மா ஒரு தாளில் நாலு வரி எழுதினார். எந்தத் தெரு. எத்தனை வீடு. எந்த மாதத்திலிருந்து தண்ணீர் இல்லை. என்ன வேண்டும். எழுதியதைத் தெலுங்கில் சத்தமாகச் சொல்லிப் பார்த்தார். அக்கா மகள் கடிகாரத்தைப் பிடித்தாள்.

"ஒரு நிமிஷம் இருபது விநாடி, சின்னம்மா."

"இன்னொரு வாட்டி சொல்றேன், பாரு."